ஆசிரியைகளை உருவாக்கிய மருத்துவர்

ஆரணியில் ஒருவரைத் தனியாகத் தறியில் உட்கார விடுவதற்கு முன் நீண்ட காலம் பார்ப்பார்கள். முதலில் தார் சுற்றக் கற்க வேண்டும். அறுந்த இழையைப் புணைக்கக் கற்க வேண்டும். மூத்த நெசவாளரின் அருகில் துணைக்கு அமர்ந்து கையும் காலும் ஒத்துழைக்கப் பழக வேண்டும். அதன் பிறகே பட்டுப் பாவு அவரை நம்பி ஒப்படைக்கப்படும். ஒரு பாவு பாழானால் அந்த வீட்டுக்கு எத்தனை நட்டம் என்பது தெருவுக்கே தெரியும் என்பதால், இந்தப் பொறுமையை யாரும் வீண் என்று கருதுவதில்லை.

இதே ஊரில், கணவனும் மனைவியும் தறிவேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில், அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை முதல் ஐந்து வயதுக் குழந்தை வரை அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அந்தப் பெண்ணுக்கு நாம் தந்த பயிற்சி எவ்வளவு? பணியில் அமர்ந்த பிறகு அவர் அருகில் உட்கார்ந்து வழிகாட்டும் மூத்தவர் யார்? நெசவுக் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியர் பயிற்சித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இந்தக் கேள்விகள் என்னை விட்டு அகலவில்லை. அவற்றுக்கு விடை தேடும்போதெல்லாம் ஒரு பெண்மணியின் வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. அவர் மரியா மாண்டிசோரி.

அவருடைய பெயர் இன்று நம் ஊர்களில் பள்ளிப் பெயர்ப் பலகையாகிவிட்டது. அதிகக் கட்டணம், வண்ண மரப்பொருள்கள், குளிரூட்டப்பட்ட அறை என்பதே அந்தப் பெயர் எழுப்பும் சித்திரம். அவர் தொடங்கிய இடமோ ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. அவர் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட பணி, பள்ளி நடத்துவது அன்று. குழந்தைகளோடு இருக்கப்போகும் பெரியவர்களைப் பயிற்றுவிப்பது.

இத்தாலியின் கியாரவாலே என்ற சிற்றூரில் 1870 ஆகஸ்ட் 31-இல் மரியா பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலத்தில், 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகள் மனநோயாளிகளோடு வெறும் அறைகளில் அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். தொடவும் பிடிக்கவும் ஒரு பொருள்கூட இல்லாத அறைகள் அவை. அக்குழந்தைகளுக்குத் தேவை மருந்தைவிடக் கல்வியே என்ற முடிவுக்கு அவர் வந்தது அங்கேதான். பிரான்ஸின் இத்தார், செகுவான் ஆகிய மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார்.

1900-இல் ரோமில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. மாண்டிசோரி அதன் இணை இயக்குநர். அக்குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதே அதன் நோக்கம். அவரது பொதுவாழ்க்கையின் முதல் நிறுவனமே ஓர் ஆசிரியர் பயிற்சிக்கூடம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

அவருடைய சொந்த வாழ்க்கையில் அந்த ஆண்டுகள் துயரமானவை. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவருக்கும் அவருக்கும் 1898-இல் மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. அன்றைய சமூகத்தில் அந்தச் செய்தி வெளிவந்திருந்தால் அவருடைய பணி முடிந்துபோயிருக்கும். குழந்தை நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தது. உலகக் குழந்தைகளைப் பற்றிச் சிந்தித்த தாய் தன் குழந்தையைத் தூர நின்றே பார்க்க வேண்டியிருந்தது. பதின்வயதில்தான் மரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அப்போதும் நெடுங்காலம் உறவினர் பிள்ளை என்றே வெளியில் அறிமுகப்படுத்தப்பட்டார்.

1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அதன் பின்னணி ஆரணிக்காரர்களுக்கு எளிதில் புரியும். ஒரு கட்டட நிறுவனம் அங்கிருந்த பாழடைந்த குடியிருப்புகளைச் செப்பனிட்டு ஏழைத் தொழிலாளர்களைக் குடியேற்றியது. பெற்றோர் வேலைக்குப் போன பின், பள்ளி வயது எட்டாத குழந்தைகள் கேட்பாரின்றித் திரிந்தன, சுவர்களைக் கிறுக்கின. சுவரைக் காப்பாற்ற நினைத்தது நிறுவனம். ஐம்பதுக்கும் மேற்பட்ட அக்குழந்தைகளை ஓர் அறையில் சேர்த்துப் பொறுப்பை மாண்டிசோரியிடம் கொடுத்தது.

அங்கே அமர்த்தப்பட்ட முதல் பெண், கட்டடக் காவலரின் மகள். ஆசிரியப் பயிற்சி எதுவும் பெறாதவர். அதை மாண்டிசோரி குறையாகக் கருதவில்லை. அதட்டிப் பாடம் நடத்தும் பழைய பழக்கம் அவரிடம் படியவில்லை என்பதை வாய்ப்பாக எடுத்துக்கொண்டார். ஆனால், அவரைத் தனியே விட்டுவிடவும் இல்லை. பொருள்களை எப்படிக் கொடுப்பது, எப்போது விலகி நிற்பது, எதைக் கவனித்துச் சொல்வது என்று காட்டிக் கொடுத்தார். வந்து பார்த்தார், அந்தப் பெண் கண்டதைக் கேட்டார், கேட்டதை வைத்துத் தம் முறையைத் திருத்தினார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிய குழந்தைகள், சில மாதங்களில் தாமாகவே எழுதத் தொடங்கின. உலகம் அந்தக் குழந்தைகளைப் பார்க்கத் திரண்டு வந்தது. குழந்தைகளுக்கும் மருத்துவருக்கும் இடையில் நின்ற அந்தப் பெண்ணை அதிகம் பேர் பார்க்கவில்லை.

மாண்டிசோரி பார்த்தார். 1909-இல் சித்தா தி காஸ்தெல்லோ நகரில் முதல் பயிற்சி வகுப்பை நடத்தினார். அதே ஆண்டில் அவரது முதல் பெருநூலும் வெளிவந்தது. 1913-இல் ரோமில் நடந்த பன்னாட்டுப் பயிற்சிக்குப் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். அவரது பயிற்சியின் சாரத்தை மூன்றாகச் சுருக்கலாம். ஒவ்வொரு கருவியையும் ஆசிரியை தன் கையால் மீண்டும் மீண்டும் கையாண்டு பழக வேண்டும். குறுக்கிடாமல் குழந்தையை நெடுநேரம் உற்றுநோக்கிக் குறிப்பெழுதக் கற்க வேண்டும். கோபம், அவசரம், தன் விருப்பத்தைத் திணிக்கும் ஆசை ஆகியவற்றைத் தன்னிடமே கண்டறிந்து களைய வேண்டும். இவற்றில் எதுவும் ஒரு நாள் கூட்டத்தில் நிகழக்கூடியதன்று.

அவருடைய வாழ்க்கையில் ஏற்கத்தகாத பக்கங்களும் உண்டு. 1920-களில் முசோலினி அரசின் ஆதரவை ஏற்றார். தம் முறையைப் பரப்ப அது உதவும் என்று நம்பினார். பள்ளிகள் அரசியல் விசுவாசத்துக்கான கூடங்களாக மாற்றப்பட்டபோது முரண்பாடு முற்றியது. 1934-இல் அவர் இத்தாலியை விட்டு வெளியேற, அங்கிருந்த அவரது பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் குடியேறினார், 1936-இல் உள்நாட்டுப் போர் அவரை அங்கிருந்தும் துரத்தியது. நெதர்லாந்து அடைக்கலம் தந்தது.

இன்னொரு குறை நம்மை நேரடியாகத் தொடுவது. பயிற்சி தரும் உரிமையை அவர் தம் கையிலேயே இறுக்கமாக வைத்திருந்தார். சான்றிதழ் பெற்றவர்கள்கூட, அவர் அனுமதியின்றிப் பிறரைப் பயிற்றுவிக்க முடியாது. முறை சிதையக் கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது. ஆனால் விளைவு வேறாக அமைந்தது. கட்டணம் செலுத்திப் பயிற்சி பெறக் கூடியவர்கள், விலை கொடுத்துக் கருவிகள் வாங்கக் கூடிய பள்ளிகள் என்று அந்த முறை மெல்ல மெல்ல வசதி படைத்தோர் பக்கம் சாய்ந்தது. சான் லொரென்சோவில் பிறந்தது சான் லொரென்சோக்களுக்கு எட்டாததாயிற்று.

தமிழ்நாட்டோடு அவருக்கு உறவு ஏற்பட்டது 1939-இல். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவருடைய துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, அந்த ஆண்டு நவம்பரில் மகன் மரியோவுடன் சென்னை வந்தார். அப்போது அவருக்கு வயது 69. சில மாதங்கள் பயிற்சி நடத்திவிட்டுத் திரும்புவதே திட்டம். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் அடையாற்றில் திரண்டனர். அவர்களுக்காக ஓலைக் கொட்டகைகள் போடப்பட்டன. அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஒரே நாளில் தாயும் மகனும் பகைநாட்டவராயினர். மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். தாய் அடையாறு வளாகத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று, அவருடைய 70-ஆம் பிறந்தநாளில், மரியோவை விடுவித்தது பிரிட்டிஷ் அரசு. பல்லாண்டுகள் உறவினர் என்று சொல்லப்பட்டவரை அவருடைய மகன் என்றே அரசு குறிப்பிட்டது. தாய்க்குக் கிடைத்த பிறந்தநாள் பரிசு அது.

நாடு திரும்ப வழியில்லாத அந்த ஆண்டுகளை அவர் முணுமுணுப்பில் கழிக்கவில்லை. 1942 முதல் இரண்டாண்டுகள் கொடைக்கானலில் தங்கிப் பல வயதுக் குழந்தைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கற்பிக்கும் முயற்சிகளில் ஈடுபட்டார். சென்னை, கொடைக்கானல், அகமதாபாத், கராச்சி, கொழும்பு என்று பயிற்சி வகுப்புகள் தொடர்ந்தன. பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான பருவம் பற்றிய அவரது சிந்தனை முதிர்ந்தது இந்த மண்ணில்தான். அவருடைய புகழ்பெற்ற பிற்கால நூல் அகமதாபாத் சொற்பொழிவுகளின் அடிப்படையில் உருவானது. இந்தியாவில் அவர் பயிற்றுவித்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். 1946-இல் ஐரோப்பா சென்று, மறு ஆண்டு மீண்டும் இந்தியா வந்து, 1949-இல் இறுதியாக விடைபெற்றார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார்.

அவர் விட்ட இடத்தை ஏழைக் குழந்தைகளை நோக்கித் திருப்பியவர்கள் இந்தியர்களே. குஜராத்தின் கிஜுபாய் பதேகாவும் மராட்டியத்தின் தாராபாய் மோடக்கும் மாண்டிசோரியின் கருத்துகளை உள்வாங்கினர். கருவிகளின் விலையை உள்வாங்கவில்லை. கூழாங்கல், விதை, இலை, களிமண் போன்று கைக்கெட்டிய பொருள்களைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தினர். பள்ளிக்கு வராத பழங்குடிக் குழந்தைகளின் முற்றத்துக்கே ஆசிரியையை அனுப்பினார் தாராபாய். முற்றத்தைக் குறிக்கும் அங்கன் என்ற சொல்லே அங்கன்வாடி ஆயிற்று. மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு 1972-இல் அளித்த அறிக்கை அரசின் கவனத்தை இந்த வயதின் பக்கம் திருப்ப, 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் மட்டும் இன்று 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் மழலையரையும் கருத்தில் கொண்டது. சோறு போட்டதில் தமிழ்நாடு நாட்டுக்கு வழிகாட்டி, அதில் ஐயமில்லை.

ஆனால், கற்பிப்பவரை வளர்ப்பதில் நாம் எங்கே நிற்கிறோம்? அங்கன்வாடிப் பணியாளர் எடை பார்க்கிறார், உயரம் அளக்கிறார், இணை உணவு வழங்குகிறார், கர்ப்பிணிகளைச் சந்திக்கிறார், பதிவேடுகளை நிரப்புகிறார், அதே விவரங்களைக் கைப்பேசிச் செயலியிலும் ஏற்றுகிறார், பல இடங்களில் வாக்காளர் பட்டியல் பணியும் பார்க்கிறார். இத்தனைக்கும் நடுவே முன்பருவக் கல்வி. ஒன்றிய அரசு 2023-இல் ஊட்டத்துடன் கல்வியும் என்ற நோக்கில் அறிவித்த பயிற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும் பணியாளருக்கு அது மூன்று நாள் பயிற்சி. மூன்று நாளில் தார் சுற்றக்கூட வராது என்று எங்கள் ஊர்த் தறிக்காரர்கள் சிரிப்பார்கள்.

நான் சென்று பார்த்த மையங்களில் திறமைக்குப் பஞ்சமில்லை. தறியிலிருந்து கழிந்த பட்டு நூல் துண்டுகளை நிறம் பிரிக்கச் சொல்லி வண்ணம் கற்பித்தவரைப் பார்த்திருக்கிறேன். காலியான தார்க்குச்சிகளைச் சிறிது முதல் பெரிது வரை அடுக்கச் சொன்னவரைப் பார்த்திருக்கிறேன். மாண்டிசோரியின் பெயரைக் கேள்விப்படாமலே அவர் வழியில் நடப்பவர்கள் இவர்கள். இவர்கள் கண்டறிந்ததைக் கேட்டுக் குறித்துக்கொண்டு அடுத்த மையத்துக்கு எடுத்துச் செல்வார் யாரும் இல்லை. மேற்பார்வையிட வருபவர்களின் நேரம் பதிவேட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. சான் லொரென்சோவில் இருந்து, இங்கே இல்லாதது அந்த ஓர் உறவுதான்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. பணிக்கு முன் சில மாதங்களேனும் நல்ல மையம் ஒன்றில் துணையாக அமர்ந்து பழகும் பயிற்சி வேண்டும். அனுபவம் மிக்க பணியாளர்களையே வழிகாட்டிகளாக்கி, மாதம் ஒரு முறையாவது அருகிலுள்ள மையங்களுக்கு அனுப்ப வேண்டும். அன்று அவர்கள் பார்க்க வேண்டியது குழந்தைகளை, பதிவேட்டை அன்று. பத்து மையங்களின் பணியாளர்கள் கூடித் தத்தம் அனுபவத்தைப் பகிரும் நாள், ஊதியத்துடன் கூடிய பணிநாளாகக் கருதப்பட வேண்டும். கல்வி சாராத பணிச்சுமை குறைய வேண்டும். இவர்கள் மதிப்பூதியம் பெறும் தொண்டர்கள் என்ற பழைய பார்வையும் மாற வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் அவர்களை உழைப்பாளர்கள் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. ஆசிரியைகள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியது நாம்.

போர்க்காலத்தில், கண்காணிப்பில் இருந்த எழுபது வயது மூதாட்டி ஓலைக் கொட்டகையில் செய்ததை, அமைதிக் காலத்தில் ஓர் அரசால் செய்ய முடியாதா என்பதே என் கேள்வி. பட்டில் விழுந்த பிழையை நெசவாளர் இழை இழையாகப் பிரித்து மறுபடி நெய்துவிடலாம். மூன்று வயதில் ஒரு குழந்தை இழந்ததை அப்படி எளிதாகப் பிரித்து நெய்ய முடியாது. தறியில் அமர்வோருக்குத் தரும் பொறுமையை, அந்தக் குழந்தையின் அருகில் அமர்பவருக்கும் தருவோம்.