கிளென் மில்லர்: தலைவர் மாயமான பிறகும் நிற்காத பேண்ட்!

1944 டிசம்பர் 15. இங்கிலாந்திலிருந்து பாரிஸுக்கு ஒரு சின்ன ராணுவ விமானம் கிளம்பியது. உள்ளே 3 பேர். விமானம் போய்ச் சேரவே இல்லை. இன்றுவரை அதன் தடயமும் கிடைக்கவில்லை. அந்த 3 பேரில் ஒருவர், அமெரிக்காவையே ஆட வைத்த கிளென் மில்லர். ஆனால், அவர் பெயரில் ஒரு பேண்ட் இன்றும் ஊர் ஊராகப் போய் வாசிக்கிறது. எப்படி?

யார் இவர்?

1904-ல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதில் பால் கறந்து சம்பாதித்த காசில் டிராம்போன் வாங்கினார். 1937-ல் சொந்தமாக பேண்ட் ஆரம்பித்தார். ஓடவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே கலைத்துவிட்டார். அப்போது ஸ்விங் இசைதான் டிரெண்ட். பென்னி குட்மேன், டாமி டோர்சி எனப் போட்டி பலமாக இருந்தது. கூட்டத்தில் இவர் தனியாகத் தெரியவில்லை.

என்ன மாற்றினார்?

1938-லேயே மறுபடி ஒரு பேண்ட். இந்த முறை மெலடியை கிளாரினெட்டிடம் கொடுத்தார். அதே மெலடியை டெனர் சாக்ஸபோனும் சேர்ந்து வாசிக்கும். மற்ற சாக்ஸபோன்கள் ஹார்மனி சேர்க்கும். கேட்ட உடனே 'இது மில்லர்' என்று சொல்லிவிடலாம். 'சட்டனூகா சூ சூ' ரெக்கார்டு 12 லட்சம் விற்றது. அதற்காக 1942-ல் தங்க ரெக்கார்டும் கிடைத்தது.

உச்சத்தில் ஏன் விட்டார்?

இரண்டாம் உலகப் போர். 38 வயதில் தானாகவே முன்வந்தார். கடற்படை வேண்டாம் என்றது. தரைப்படைக்கு எழுதிக் கேட்டுச் சேர்ந்தார். நல்ல வருமானம் தந்த பேண்டை கலைத்துவிட்டு, வீரர்களுக்காக ராணுவ பேண்ட் நடத்தினார். அந்த பேண்டின் பாரிஸ் நிகழ்ச்சிகளுக்கு ஏற்பாடு செய்ய முன்கூட்டியே கிளம்பியதுதான் கடைசிப் பயணம்.

பேண்ட் எப்படிப் பிழைத்தது?

அவர் இசையில் எல்லாமே ஒத்திகைதான், மேடையில் அந்த நேரத்தில் பிறக்கும் கற்பனை குறைவு என்று ஜாஸ் விமர்சகர்கள் குறை சொன்னார்கள். அந்தக் குறைதான் பின்னாளில் கைகொடுத்தது. யார், எதை, எப்போது வாசிக்க வேண்டும் என்பது தாளில் எழுதி இருந்தது. 1946-ல் டெக்ஸ் பெனிக்கி அதை வைத்து பேண்டை நடத்தினார். 1954-ல் அவர் வாழ்க்கை ஹாலிவுட் படமானது. 1956-ல் ரே மெக்கின்லி தலைமையில் புது பேண்ட் வந்தது. இன்றும் சுற்றுவது அதுதான். வாசிப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், அந்த சவுண்ட் மட்டும் மாறவில்லை.