உடம்பைத் தமிழிற் கற்பித்த கிறீன் வைத்தியர்

சென்ற ஆண்டு மார்கழி மாதத்திலே ஒருநாள் விடியற்காலையில், நுகேகொடையிலுள்ள என் இல்லத்தில் வாய் கொப்பளித்து நின்றேன். வாயிற் கொண்ட நீர் வலக்கடையால் தானே வழிந்து மார்பை நனைத்தது. கண்ணாடியை நோக்கினேன். முகத்தின் வலப்பாதி என் ஏவலைக் கேட்கவில்லை. புருவம் உயரவில்லை, கண் மூடவில்லை, சிரிக்க முயன்றால் வாய் இடப்புறமாகவே கோணிற்று. பாரிசவாதமென்று வீட்டார் கலங்கினர்.

கொழும்பிலுள்ள வைத்தியசாலை ஒன்றில் என்னைப் பரிசோதித்தவர் ஒரு தமிழிளைஞர். அஞ்சவேண்டாமென்று தமிழில் ஆறுதல் கூறினார். ஆயின், நோயின் காரணத்தை விளக்கத் தொடங்கியதும் சொற்களெல்லாம் ஆங்கிலமாயின. அதனைத் தமிழிற் கூறுமாறு வேண்டினேன். அவர் சிறிது தயங்கினார். உயர்தர வகுப்பு வரை உயிரியலைத் தமிழிலேயே கற்றவராம். ஐந்தாண்டு மருத்துவப் படிப்பில் அச்சொற்கள் நாவை விட்டகன்றனவாம். ஒரு தாளிலே படம் வரைந்து காட்டி என்னை அனுப்பினார்.

அவரை நோவதற்கு எனக்கு உரிமை இல்லை. முப்பதாண்டுகளாக மாணாக்கர்க்கு வேற்றுமையும் புணர்ச்சியும் கற்பித்து வரும் யான், என் முகத்தை அசைக்கும் நரம்பு இன்னதென்று அறியாதிருந்தேன். அந்த வெட்கமே என்னை வெள்ளவத்தையிலுள்ள தமிழ்ச் சங்க நூலகத்துக்கு இட்டுச் சென்றது. ஆங்கே யான் தேடியது ஒரு சொல். கிடைத்ததோ ஒரு மனிதரின் வாழ்வு. மானிப்பாய்க் கிறீன் வைத்தியரின் பெயரை இளமையிலேயே கேட்டிருந்தேன்; அவர் செய்த தொண்டின் அளவை அன்றுதான் அறிந்தேன்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்க நாட்டின் மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில், கிறீன் ஹில் என்னும் குடும்ப மனையில், 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆந் திகதி பிறந்தார். நியூயோர்க்கிலே மருத்துவம் பயின்று 1845இற் பட்டம் பெற்றார். அவர்தம் தமையனார் அன்று ஹஸ்வெல் கிறீன், பிற்காலத்தில் நியூயோர்க் மாநகரை ஆக்கிய பெருமக்களுள் ஒருவராய் விளங்கினார். தம்பியாரும் அந்நகரிலேயே தங்கியிருப்பின் செல்வமும் சிறப்பும் எய்தியிருத்தல் கூடும். அவரோ 1847இற் கப்பலேறி யாழ்ப்பாணத்தை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 25.

அமெரிக்க மிஷனரிமார் 1816 முதலே யாழ்ப்பாணத்தில் இருந்தனர். ஜோன் ஸ்கடர் வைத்தியர் 1820 அளவிற் பண்டத்தரிப்பில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தொடங்கி வைத்திருந்தார். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையிலே தங்கி, 1848இல் மானிப்பாயைத் தமக்கு நிலைக்களமாக்கிக்கொண்டார். அங்கே மருந்துசாலை ஒன்றை அமைத்தார். தாம் ஒருவர் எத்துணை நோயாளரைப் பார்த்தல் கூடும் என்று எண்ணி, அவ்வாண்டிலேயே சில இளைஞரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கவும் தலைப்பட்டார்.

தொடக்கத்தில் அவர் கற்பித்தது ஆங்கிலத்திலேதான். வட்டுக்கோட்டைச் செமினரியிலே பயின்ற இளைஞர்க்கு ஆங்கிலம் நன்கு வந்தது. ஆயினும் ஒரு குறையை அவர் கண்டார். ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பிறவூர்களுக்குப் போயினர். கிராமத்து நோயாளர் முன்போலவே கிடந்தனர். தமிழிற் கற்றவராயின் தமிழரிடையே தங்குவர். அவர் கூறுவது நோயாளர்க்கும் விளங்கும். இதுவே அவர் எண்ணம். 1857 அளவில் உடல்நலங் குன்றித் தாயகஞ் சென்றவர், 1862இல் மணம் முடித்துத் துணைவியாருடன் மீண்டு வந்தார். 1864 முதல் தமிழிலேயே வைத்திய வகுப்பை நடத்தினார். அவர் உருவாக்கிய வைத்தியர் 60 பேருக்கு மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழிற் பயின்றோர்.

வகுப்புக்கு நூல் வேண்டுமன்றோ? அக்காலத்துத் தமிழில் மேலைநாட்டு மருத்துவ நூல் இல்லை. ஆகவே அவரே அதனை ஆக்க முற்பட்டார். 1850களிலேயே கட்டர் என்பாரின் உடல்நூலையும், பிரசவ வைத்திய நூல் ஒன்றையும் தமிழிற் கொணர்ந்திருந்தார். பின்னர் 1867இல் இரணவைத்தியம் வெளிவந்தது. 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் வந்தன. 1875இல் கெமிஸ்தம் வந்தது. மாணாக்கராகிய சப்மன், டான்போர்த் முதலியோர் துணைநின்றனர். பெயர்கள் ஆங்கிலமாயினும் அவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழரே. எல்லாம் கூட்டினால் 4,000 பக்கங்களுக்கு மேலாகும். மனுஷ அங்காதிபாதம் என்பது இலண்டனில் ஹென்றி கிறே 1858இல் வெளியிட்ட பெருநூலின் தமிழாக்கம். உலகெங்கும் மருத்துவ மாணாக்கர் இன்றும் பெயர் சொல்லும் அந்நூல், தோன்றிய 14 ஆண்டிலே தமிழ் பேசியது.

சொல்லாக்கத்தில் அவர் ஒரு முறைமையைக் கைக்கொண்டார். முதலில் தமிழிலே தேடுவார். இல்லையேல் வடமொழியை நாடுவார். அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவார். கெமிஸ்தம் என்ற பெயரே மூன்றாம் வழிக்குச் சான்று.

இவ்வேலையின் அருமையை உணர நரம்பு என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். யாழிற் கட்டியதும் நரம்பு. இலையில் ஓடுவதும் நரம்பு. புறங்கையிற் பசுமையாய்த் தெரியும் இரத்தக் குழாயையும் நம்மவர் நரம்பென்பர். தசையை எலும்போடு பிணைக்கும் நாரையும் சிலர் அவ்வாறே சொல்வர். கவிதைக்கு இது வளம். கத்தியேந்தும் வைத்தியருக்கோ இடர். இரத்தத்தைக் கொண்டுசெல்வது வேறு, உணர்ச்சியைக் கொண்டுசெல்வது வேறு என்று பிரித்துக் காட்டிய பின்னரே பாடம் நடக்கும். வைத்தியத்தைத் தமிழிற் கற்பிக்கப் புகுந்தவர் முதல் நாளே சந்தித்திருக்கக்கூடிய தடை இது.

அந்நூலகத்திலும் பின்னர் பள்ளி மாணாக்கரின் பாடநூல்களிலும் யான் கற்றதைச் சுருக்கிக் கூறுகின்றேன். நரம்புத் தொகுதிக்குத் தலைமை மூளை. ஏறக்குறைய 1,400 கிராம் நிறையுடைய அதிலே நினைவும் அறிவும் விருப்பமும் மூளையத்தின் தொழில்; உடலைத் தள்ளாடாமல் நிறுத்துவது மூளியின் தொழில்; மூச்சையும் நெஞ்சத் துடிப்பையும் நாம் உறங்கும்போதும் காப்பது நீள்வளைய மையவிழையம். அங்கிருந்து முதுகெலும்பின் உள்ளே முண்ணாண் இறங்குகின்றது. மூளையிலிருந்து 12 சோடி நரம்புகளும் முண்ணாணிலிருந்து 31 சோடி நரம்புகளும் புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. சில செய்தி கொணர்வன. சில ஏவல் கொண்டுசெல்வன. சில இரண்டும் செய்வன. அடுப்பிலே கை பட்டால், சுட்டதென்று மூளை உணருமுன்னே முண்ணாண் கையை இழுத்துவிடுகின்றது. அரசனுக்கு ஓலை போய்ச் சேருமுன் எல்லைக் காவலன் வாள் உருவுவது போன்றது இது.

என் முகத்துக்கு வருவோம். அதனை அசைப்பது மூளையிலிருந்து வரும் 7ஆஞ் சோடி நரம்பு. இங்கிலாந்தில் சார்ள்ஸ் பெல் என்பார் 1821இல் இதன் தொழிலை விளக்கியதால் இந்நோய் அவர் பெயரால் வழங்குகின்றது. இந்நரம்பு காதுக்குப் பின்னே எலும்பினூடாக ஒரு குறுகிய வழியிலே வருகின்றது. அங்கே அது வீங்கினால் விலகுதற்கு இடமில்லை. நெரிந்து செயல் ஓய்கின்றது. பாரிசவாதத்திற் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். ஏனெனில் நெற்றித் தசைக்கு மூளையின் இருபுறமிருந்தும் ஏவல் வருகின்றது. என் நெற்றியோ சுருங்கவில்லை. இளம் வைத்தியர் என்னைப் புருவம் உயர்த்தச் சொன்னதன் காரணம் இதுவே. ஒரு நெற்றிச் சுருக்கத்திலே இத்துணைப் பொருள் உண்டென்பதை அறிந்தபோது என் அச்சத்திற் பாதி அகன்றது. நோயாளிக்குத் தன் மொழியிலே விளக்கம் கூறுவதும் ஒரு மருந்தென்பதை அன்று கண்டேன்.

கிறீன் மிஷனரி, மதம் பரப்ப வந்தவர். அதனை மறைத்தல் முறையன்று. சைவனாகிய எனக்கு அந்நோக்கிலே உடன்பாடு இல்லை. ஆயினும், மதம் மாறியவரும் உடையிலும் ஊணிலும் பழக்கத்திலும் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை; ஐரோப்பியரைப் போல ஒழுகுதலை அவர் விரும்பவில்லை. ஈண்டு ஒரு வியப்பை எண்ணிப் பார்க்கின்றேன். மிஷனரிமாரை எதிர்த்து நின்ற நல்லூர் ஆறுமுக நாவலர் பிறந்ததும் 1822ஆம் ஆண்டே. மானிப்பாயிற் கிறீன் வகுப்புத் தொடங்கிய 1848இலேதான் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒருவர் உயிருக்கு உறுதி தேடினார். மற்றவர் உடம்புக்கு உறுதி தேடினார். வழிகள் மாறுபட்டன. ஆனால், செய்யுளை விட்டு வசனத்தில் எழுதினாலன்றி மக்களுக்கு எதுவும் சென்று சேராது என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார், மீளவில்லை. ஆயினும் தமிழ் அவரை விடவில்லை. வூஸ்ரரிலே இருந்துகொண்டே மொழிபெயர்ப்பை நடத்தினார். டால்ற்றன் என்பாரின் உடற்றொழில் நூல், மனுஷ சுகரணம் என்ற பெயரில் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1884 மே 28ஆந் திகதி, பிறந்த மனையிலேயே அவர் உயிர் நீத்தார். தமிழருக்கு வைத்தியத் தொண்டு புரிந்த நற்செய்தியாளர் என்ற கருத்தை அவரது கல்லறையிற் பொறித்தனர். பிறந்த மண்ணிலே கிடப்பவருக்கு அடையாளம் கடல் கடந்த தமிழர்.

அவர் ஏற்றிய விளக்கு ஏன் தொடர்ந்து எரியவில்லை? 1870இற் கொழும்பிலே வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கிற்று. உத்தியோகமும் மதிப்பும் அவ்வழியிற் சென்றன. மற்றொரு காரணத்தையும் தமிழாசிரியனாகிய யான் சொல்லுதல் வேண்டும். அங்காதிபாதம், சுகரணம், உற்பாலனம் என்பன மக்கள் நாவிலே பிறந்தவையல்ல, அகராதியிலே பிறந்தவை. அவை இன்று வழக்கில் இல்லை. வழக்கிலிருந்த நரம்பு நிலைத்தது. சொல் ஆக்குவோர்க்கு இது ஒரு பாடம். 1888இல் இந்து பதார்த்த சாரம், ஆசிரியர் மறைந்த பின் வெளிவந்தது. அதே ஆண்டிலேதான் ஸ்பானிய அறிஞர் கஹால், நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாத தனித்தனிக் கலங்கள் என்று காட்டத் தொடங்கினார். இன்று மூளையிலே ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உண்டென்று மதிப்பிடுகின்றனர். அறிவு அவ்வாறு பெருக, தமிழ் மருத்துவ நூல்வரிசையோ ஏறக்குறைய அவ்விடத்திலேயே நின்றுவிட்டது.

இரண்டு மாதத்தில் என் முகம் பழைய நிலைக்கு மீண்டது. கடைசி முறை வைத்தியரைக் காணச் சென்றபோது, நரம்புத் தொகுதிக்குரிய தமிழ்ச் சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரும்பாலானவை அவர் பள்ளியிலே படித்தவையே. ஒவ்வொன்றாய் வாசித்து, பழைய நண்பரைக் கண்டவர் போல் முறுவலித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மருத்துவக் கல்வி முழுவதும் நாளையே தமிழாக வேண்டுமென்று யான் கூறவில்லை. ஆங்கிலத்திற் கற்றவர் நோயாளியிடம் தமிழில் விளக்கிச் சொல்லவேனும் வேண்டும். அதற்குரிய சொல்லைத் தமிழாசிரியர் தேடிக் கொடுத்தல் வேண்டும். 25 வயதிலே கடல் கடந்து வந்த ஒருவர் நம் மொழியைக் கற்று 4,000 பக்கம் எழுதினார். அம்மொழியிலே பிறந்த நாம் ஆளுக்கொரு தாளாயினும் எழுதலாகாதா?