கல்கி (எழுத்தாளர்)

கல்கி என்னும் புனைபெயரால் அறியப்படும் ரா. கிருஷ்ணமூர்த்தி (செப்டம்பர் 9, 1899 - டிசம்பர் 5, 1954) புகழ்பெற்ற தமிழ் எழுத்தாளர், இதழாசிரியர், விடுதலைப் போராட்ட வீரர் ஆவார். சமூகப் புதினங்கள், வரலாற்றுப் புதினங்கள், சிறுகதைகள், நகைச்சுவைக் கட்டுரைகள், இசை விமர்சனங்கள் எனப் பல துறைகளில் எழுதியவர். வார இதழ்த் தொடர்கதை தமிழ்நாட்டுக் குடும்பங்களில் நிலையான இடம் பெற்றதற்கு இவரே முதன்மையான காரணர். திரைப்படத்தோடு இணைந்து வெளிவந்த தமிழ்ப் புதினத்திற்கு முன்னோடியான தியாகபூமி, பொன்னியின் செல்வன், சிவகாமியின் சபதம், அலை ஓசை ஆகியன இவருடைய படைப்புகளுள் குறிப்பிடத்தக்கவை.

வாழ்க்கைக் குறிப்பு

கிருஷ்ணமூர்த்தி அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் மாயவரத்திற்கு அருகிலுள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ராமசாமி ஐயர் கிராமக் கணக்கராக இருந்தவர். ஊர்ப் பள்ளியிலும் மாயவரத்திலும் பயின்ற பின் திருச்சிராப்பள்ளி தேசியப் பள்ளியில் சேர்ந்தார். 1921 ஆம் ஆண்டு காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்று, பள்ளி இறுதித் தேர்வுக்குச் சிறிது காலமே இருந்த நிலையில் படிப்பைத் துறந்தார். 1922 இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இவரது தொடக்கக் காலப் படைப்பான விமலா அச்சிறையில் எழுதப்பட்டதாகும்.

1923 இல் திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திய நவசக்தி இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். 1924 இல் ருக்மிணியை மணந்தார். முதல் சிறுகதைத் தொகுப்பான சாரதையின் தந்திரம் 1927 இல் வெளிவந்தது. நவசக்தியிலிருந்து விலகிய பின் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் தங்கி, ராஜாஜியின் மதுவிலக்கு இதழான விமோசனத்தில் பணியாற்றினார். 1930 இல் மீண்டும் சிறை சென்றார்.

இதழியல் பணி

ஆனந்த விகடனில் 1928 இல் வெளிவந்த ஏட்டிக்குப் போட்டி என்னும் கட்டுரையில் தான் கல்கி என்ற பெயரை இவர் முதன்முதலாகப் பயன்படுத்தினார். எஸ். எஸ். வாசனின் அழைப்பின் பேரில் 1931 இல் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். கர்நாடகம் என்ற பெயரில் ஆடல் பாடல் பகுதியை எழுதினார். எளிய நடை, நகைச்சுவை, படங்கள், தொடர்கதை ஆகியவை சேர்ந்த இவ்விதழின் வழியாக, அதுவரை நாவல் படிக்கும் பழக்கமில்லாத பலரும் வாசகர் ஆயினர்.

தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொள்ள விரும்பியதால் விகடனை விட்டு விலகி, 1941 இல் மூன்று மாதங்கள் சிறையில் இருந்தார். விடுதலைக்குப் பின் நண்பர் டி. சதாசிவத்துடன் இணைந்து கல்கி வார இதழைத் தொடங்கினார். முதல் இதழ் ஆகஸ்ட் 1, 1941 அன்று வெளிவந்தது. சாவித்திரி திரைப்படத்தில் நாரதராக நடித்ததற்காக எம். எஸ். சுப்புலட்சுமி பெற்ற ஊதியம் இவ்விதழுக்கு மூலதனமாக உதவியது. தமிழிசை இயக்கத்திற்கு ஆதரவாகவும் இவ்விதழ் குரல் கொடுத்தது. வாசகர்களிடம் நிதி திரட்டி இவர் முன்னின்று எழுப்பிய பாரதி மணிமண்டபம் 1947 இல் எட்டயபுரத்தில் திறக்கப்பட்டது. முன்னர் 1930களில் பாரதியார் மகாகவியா என்ற விவாதத்தில் எதிர்த்தரப்பில் நின்றவர் கல்கி என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

தியாகபூமி: திரையும் தொடர்கதையும்

கே. சுப்பிரமணியம் இயக்கிய தியாகபூமி திரைப்படத்திற்கான கதையைக் கல்கி எழுதினார். படம் தயாராகி வந்த காலத்திலேயே அக்கதை ஆனந்த விகடனில் தொடராகவும் வந்தது. வழக்கமாக ஓவியர் வரையும் படங்களுக்குப் பதிலாக, திரைப்படத்தின் காட்சிப் படங்களே தொடருடன் அச்சிடப்பட்டன. ஆகவே, வாசகர்கள் சம்பு சாஸ்திரியைப் பாபநாசம் சிவனின் முகத்திலும், சாவித்திரியை எஸ். டி. சுப்புலட்சுமியின் முகத்திலும், குழந்தை சாருவைப் பேபி சரோஜாவின் முகத்திலும் முன்கூட்டியே கண்டனர். படம் மே 20, 1939 அன்று வெளியானது.

புயலில் வீடிழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இடமளித்ததால் சாதி விலக்குக்கு ஆளாகும் சம்பு சாஸ்திரியும், கணவனால் கைவிடப்பட்ட அவர் மகள் சாவித்திரியும் இக்கதையின் முதன்மை மாந்தர்கள். பின்னர்ச் செல்வம் பெற்று உமாராணியாகத் திரும்பும் சாவித்திரி, தன்னுடன் வாழ வருமாறு கணவன் தொடுக்கும் வழக்கில் நீதிமன்றத்தில் நின்று மறுக்கிறாள். கணவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகவும் கூறுகிறாள். 1930களின் வாசகருக்கு இது அதிர்ச்சியளித்த திருப்பமாகும்.

காங்கிரசு இயக்கத்தையும் காந்தியக் கொள்கைகளையும் வெளிப்படையாக ஆதரித்ததால் 1940 இல் ஆங்கில அரசு இப்படத்தைத் தடை செய்தது. திரைப்படத்திற்குத் துணையாகப் பிறந்த எழுத்துவடிவமே பின்னர்ப் பல தலைமுறை வாசகரிடம் கதையைக் கொண்டு சேர்த்தது. படத்தின் படி ஒன்று புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டது.

பின்னர் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய மீரா (1945) படத்திற்கு உரையாடலும் பாடலும் எழுதினார்.

வரலாறும் கற்பனையும்

பார்த்திபன் கனவு (1941-1943), சிவகாமியின் சபதம் (1944-1946), பொன்னியின் செல்வன் (1950-1954) ஆகிய மூன்றும் கல்கியின் வரலாற்றுப் புதினங்கள். பார்த்திபன் கனவு முதலில் எழுதப்பட்டதாயினும், கதைக்காலத்தின்படி சிவகாமியின் சபதத்திற்குப் பிற்பட்டது.

கல்வெட்டுகள், சமய இலக்கியங்கள், கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, தி. வை. சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் ஆய்வுகள் முதலியவற்றைக் கல்கி அடிப்படையாகக் கொண்டார். அவை தெளிவுபடுத்தாத இடங்களைக் கற்பனையால் நிரப்பினார். ஒரே முகமுடைய புலிகேசியும் நாகநந்தியும், அழியாத அஜந்தா வண்ணத்தின் இரகசியத்தைத் தேடும் ஆயனச் சிற்பியும், சோழநாட்டு வானில் தோன்றி மக்களை அஞ்சவைக்கும் வால் நட்சத்திரமும் இவ்வாறு கதையில் இடம்பெறுகின்றன.

மாயக்கதைக்கு மிக நெருங்கியவை இவரது இரு குறும்புதினங்கள். சோலைமலை இளவரசியில் (1947), 1942 போராட்டத்தில் தலைமறைவான இளைஞன் பாழடைந்த கோட்டையில் நூறாண்டுக்கு முந்தைய பிறவியை மீண்டும் வாழ்கிறான். மோகினித் தீவில் (1950), உலகப் போருக்கு அஞ்சிப் பர்மாவிலிருந்து கப்பலில் வரும் ஒருவன் ஆளில்லாத் தீவொன்றில் பழங்கால இணையரைச் சந்திக்கிறான். இரண்டிலும் சமகால அரசியல் நிகழ்ச்சி ஒன்றே கடந்த காலத்திற்குள் நுழையும் வாயிலாக அமைவது கவனிக்கத்தக்கது.

திருவதிகையும் கடலூர் வட்டாரமும்

சிவகாமியின் சபதத்தின் பின்னணியை அறிய உதவும் ஊர்களுள் ஒன்று திருவதிகை. கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியை அடுத்து, நெய்வேலி பழுப்பு நிலக்கரி நகரியத்திலிருந்து அதிகத் தொலைவில்லாமல், கெடில ஆற்றங்கரையில் இவ்வூர் உள்ளது. சிவபெருமான் வானில் பறந்த மூன்று கோட்டைகளை எரித்த தலமாகப் போற்றப்படும் இது, அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. சமண சமயத்திலிருந்த திருநாவுக்கரசர் தமக்கை திலகவதியாரால் சைவத்திற்குத் திரும்பியது இங்கேதான் எனப் பெரியபுராணம் கூறுகிறது. அவரைத் துன்புறுத்திய பல்லவ மன்னன் பின்னர் மனம் மாறி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலைக் கட்டினான் என்பதும் அந்நூல் தரும் செய்தி. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர் ஆதலால், அம்மன்னன் இவனே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

கல்கியின் புதினம் இந்த மனமாற்றத்திற்குப் பிற்பட்ட காலத்தில் தொடங்குகிறது. மகேந்திரவர்மன் கலைகளை வளர்க்கும் சைவ மன்னனாகவும், நாவுக்கரசர் காஞ்சியில் மடத்தில் வாழும் முதிய அடியாராகவும் வருகின்றனர். பெரியபுராணம் விரிவாகப் பேசும் சமயப் பகையைக் கல்கி கதையின் மையத்தில் வைக்கவில்லை. மன்னனும் அடியாரும் வாழும் ஒரே நகரில் கலையின் எதிர்காலமும் போரின் நெருக்கடியும் மோதுவதே அவரது கதை. திருவதிகை வரலாற்றை அறிந்து புதினத்தைப் படிப்பவர், ஆசிரியர் எதனை எடுத்துக்கொண்டார், எதனைப் பின்னணியில் விட்டார் என்பதைத் தெளிவாக உணரலாம்.

பொன்னியின் செல்வனும் இன்றைய கடலூர் மாவட்டத்திலேயே தொடங்குகிறது. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனே முதல் காட்சி. வீராணம் ஏரி என வழங்குவது இதுவே. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்களைத் தரும் உடையார்குடிக் கல்வெட்டும் அருகிலுள்ள காட்டுமன்னார்கோயிலில் உள்ளது.

வாசகர் வரவேற்பு

கல்கியின் தொடர்களை வாரந்தோறும் கிழித்தெடுத்து, ஓவியங்களுடன் சேர்த்துத் தைத்துக் கட்டுநூலாகப் பாதுகாப்பது தமிழ்க் குடும்பங்களில் பரவலான வழக்கமாயிற்று. அருள்மொழி, குந்தவை, வானதி ஆகிய பெயர்கள் குழந்தைகளுக்குச் சூட்டப்பட்டன. பொன்னியின் செல்வனுக்கு ஓவியர் மணியம் வரைந்த உருவங்களே பலர் மனத்தில் அம்மாந்தரின் முகங்களாக நிலைத்தன. தியாகபூமியில் நடிகரின் முகம் கதைக்கு வந்தது போல, இங்கே ஓவியரின் முகம் வரலாற்றுக்கு வந்தது எனலாம்.

பொன்னியின் செல்வன் நிறைவுற்றபோது, பல மாந்தரின் பிற்கால வாழ்வு சொல்லப்படாமல் நின்றதை வாசகர்கள் ஏற்கவில்லை. அவர்களின் கேள்விகளுக்கு விடையாகக் கல்கி முடிவுரை ஒன்றை எழுதி, மாந்தர் ஒவ்வொருவருக்கும் பின்னர் நேர்ந்ததைச் சுருக்கமாகத் தெரிவித்தார்.

எனினும், தம் எழுத்துக்களுள் நிலைத்திருக்கும் தகுதி அலை ஓசைக்கே உண்டு என அவர் கருதினார். விடுதலைப் போராட்டத்தையும் பிரிவினைக் கலவரத்தையும் பின்னணியாகக் கொண்ட அச்சமூகப் புதினத்திற்கு அவர் மறைவிற்குப் பின் 1956 இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஆயினும், வாசகர்கள் தொடர்ந்து முதலிடம் அளித்தது பொன்னியின் செல்வனுக்கே.

விமர்சனங்கள்

மணிக்கொடி எழுத்தாளர்கள் கல்கியின் எழுத்தைக் கடுமையாக எதிர்த்தனர். இவரது கதைகள் சில பிறமொழிப் படைப்புகளின் தழுவல்கள் எனப் புதுமைப்பித்தன் சாடினார். வாரந்தோறும் ஆவலைத் தூண்டும் தேவை கதையின் ஆழத்தைக் குறைப்பதாகவும், பெருவாரியான விற்பனை இலக்கியத் தரத்தின் அளவுகோல் ஆகாது எனவும் க. நா. சுப்ரமண்யம் போன்றோர் வாதிட்டனர். எதிர்பாராத சந்திப்புகள், மாறுவேடங்கள், ஒட்டுக்கேட்டல் ஆகிய உத்திகள் திரும்பத் திரும்ப வருவது உண்மையே. ஆயினும், பல்லவர், சோழர் வரலாறு பாடநூலுக்கு வெளியே பொதுமக்களின் பேச்சுப் பொருளாக மாறியதற்கு இப்புதினங்கள் பெரிதும் காரணமாயின.

மறைவும் நினைவும்

காசநோயால் பாதிக்கப்பட்ட கல்கி, டிசம்பர் 5, 1954 அன்று சென்னையில் தமது 55 ஆம் வயதில் காலமானார். அப்போது எழுதிக்கொண்டிருந்த அமரதாராவை அவர் மகள் ஆனந்தி நிறைவு செய்தார். நூற்றாண்டையொட்டி 1999 இல் இந்திய அஞ்சல் துறை நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது. தமிழக அரசு இவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது.

திரைப்படமான புதினங்கள்

* தியாகபூமி (1939) - கே. சுப்பிரமணியம் இயக்கம்
* கள்வனின் காதலி (1955) - சிவாஜி கணேசன், பானுமதி நடிப்பு
* பார்த்திபன் கனவு (1960) - ஜெமினி கணேசன், வைஜெயந்திமாலா நடிப்பு
* பொன்னியின் செல்வன் (2022, 2023) - மணிரத்னம் இயக்கத்தில் இரு பாகங்கள். இப்புதினத்தைப் படமாக்க எம். ஜி. ஆர். 1950களின் பிற்பகுதியில் மேற்கொண்ட முயற்சி நிறைவேறவில்லை.