துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையும் புதுவையின் வாணிகமும்

ஆனந்தரங்கப் பிள்ளையைப் புலவர்கள் பாட்டுடைத் தலைவராக அறிவர். வரலாற்றாசிரியர்கள் நாட்குறிப்பின் ஆசிரியராக அறிவர். வாணிகராக அவரை அறிந்தோர் சிலரே. ஆயினும் அவர் முதலிலும் முடிவிலும் வாணிகரே ஆவார். கொள்முதல், கடன், தரகு, சரக்கு, நிலுவை ஆகியவற்றிடையே வளர்ந்து, அவற்றிடையே உயர்ந்து, அவற்றிடையே நொந்து மறைந்தவர். தியாகராய தேசிகரின் ஆனந்தரங்கன் கோவையும், சீனிவாச கவி வடமொழியில் இயற்றிய ஆனந்தரங்க விஜய சம்புவும் அவரது கொடையைப் போற்றுகின்றன. அக்கொடைக்குரிய செல்வம் எவ்வாறு திரண்டது, எவ்வாறு கரைந்தது என்பதைக் காணப் புதுவையின் கடற்கரையிலிருந்து தொடங்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் புதுச்சேரி நிலத்தில் அமைந்திருந்தும் ஒரு தீவு போன்றே வாழ்ந்தது. கிழக்கே கடல், மற்ற மூன்று புறமும் ஆற்காட்டு நவாபின் ஆட்சிக்குட்பட்ட நாடு. நெல்லும் பருத்தியும் நூலும் அந்நாட்டின் சுங்கச் சாவடிகளைக் கடந்தே நகருக்குள் வந்தன. வெள்ளி, பிரான்சின் லோரியான் துறைமுகத்திலிருந்து வரும் கும்பினிக் கப்பல்களில் வந்தது. அக்கப்பல்களுள் பல இடைவழியில் பிரெஞ்சுத் தீவு எனப்பட்ட மொரீசியசில் தங்கி நீரும் உணவும் ஏற்றிக்கொண்டன. அத்தீவின் போர்ட் லூயி துறைமுகத்தை 1735 முதல் உருவாக்கிய லபூர்தொனே, கொத்தனாரையும் தச்சரையும் பிற கைவினைஞரையும் புதுவையிலிருந்து அழைத்துச் சென்றார். ஒரே கும்பினியின் உடைமைகளாகிய தீவும் நகரும் ஒரே கப்பலுக்காகக் காத்துக் கிடந்தன. கப்பல் வந்தால் கடைத்தெருவில் பணம் புழங்கும். வராத ஆண்டில் தறிக்கும் சலவைத் துறைக்கும் சாயத்தொட்டிக்கும் வேலையில்லை.

பிள்ளையவர்கள் 1709ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, வாணிகர். அவருடைய மைத்துனர் நைனியப்ப பிள்ளை புதுவையில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகராய்ப் பெருஞ்செல்வாக்குடன் விளங்கினார். அவரது அழைப்பின் பேரில் திருவேங்கடம் பிள்ளை குடும்பத்துடன் புதுவை சேர்ந்தார். ஆனந்தரங்கருக்கு அப்போது ஏழு வயதிருக்கலாம்.

வந்த சுருக்கில் இடி விழுந்தது. 1716இல் கவர்னர் எபேர், நைனியப்பரைச் சிறைப்படுத்தி, குற்றங்கள் சாட்டி விசாரணை நடத்தினார். ஊரார் காண ஐம்பது சாட்டையடியும், மூன்றாண்டுச் சிறையும், சொத்துப் பறிமுதலும் தண்டனையாயின. நேற்றுவரை எவருடைய சொல்லை நம்பி வணிகர்கள் சரக்கை ஒப்படைத்தனரோ, அவரே கடைவீதியில் அடிபட்டார். 1717இல் சிறையிலேயே உயிர் நீத்தார். அவருடைய மகன் குருவப்ப பிள்ளை கடல் கடந்து பாரிசுக்குச் சென்று முறையிட்டார். அங்கே கிறித்துவம் தழுவி, செவாலியே பட்டமும் பெற்றுத் திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார். நைனியப்பர் குற்றமற்றவர் என்னும் தீர்ப்பு அவர் இறந்த பின்னரே வந்தது. குருவப்பரும் 1724இல் மறைந்தார்.

இந்நிகழ்ச்சியை ஆனந்தரங்கர் வாழ்வின் திறவுகோல் எனக் கருத இடமுண்டு. கவர்னரின் தயவில் சேர்ந்த பொருள் கவர்னரின் கோபத்தில் போய்விடும் என்பதை ஏழு வயதிலேயே அவர் குடும்பத்தில் கண்டார். பின்னாளில் யார் எந்நேரம் எதைச் சொன்னார் என்பதை நாள், கிழமை, நாழிகையோடு அவர் எழுதி வைத்தமைக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எனினும் கணக்கும் சான்றும் கைவசம் இல்லாதவனுக்குக் கும்பினியின் ஊரில் காப்பில்லை என்னும் எண்ணம் அவற்றுள் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

1726இல் தந்தையும் காலமானார். பதினேழு வயது இளைஞரின் மீது குடும்பச் சுமை விழுந்தது. கவர்னர் லெனுவார் அவரது திறமையைக் கண்டு, பரங்கிப்பேட்டைக் கிடங்கின் பொறுப்பை ஒப்படைத்தார். அங்கே துணிக் கொள்முதலைப் பெருக்கியதோடு நில்லாமல், ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் தம் செலவில் வாணிக நிலையங்களை நிறுவினார். கடலோர நகரில் இறங்கும் ஐரோப்பியச் சரக்குகளை உள்நாட்டுக்கு அனுப்பி, உள்நாட்டுச் சரக்கை ஈடாகக் கொணர்ந்தார். கப்பல் கொண்டுவரும் வெள்ளியை மட்டும் நம்பியிராமல், சரக்கைக் கொண்டே சரக்கைப் பெறும் வழி அது. சிறிய நகரின் நோய்க்கு அந்த இளைஞர் கண்ட மருந்து எனலாம்.

கும்பினியின் கொள்முதல் முறையை இங்குச் சிறிது விளக்குதல் தகும். கும்பினியார் நெசவாளரிடம் நேரே வாங்குவதில்லை. வணிகர்களோடு ஒப்பந்தம் எழுதி முன்பணம் கொடுப்பர். வணிகர் ஊர்தோறும் ஆள் அனுப்பித் தறிக்காரருக்கு அதைப் பங்கிடுவர். நெய்த துணி கோட்டைக்கு வந்து, மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கப்படும். குறை கண்டால் விலை குறையும். அல்லது துணி திரும்பும். வெளுத்த துணி ஐரோப்பாவுக்கும், நீலச் சாயமேற்றிய துணி ஆப்பிரிக்கக் கரைக்கும் போகும். இவ்வளவும் கப்பல் புறப்படும் பருவத்துக்குள் முடிய வேண்டும். வெள்ளி வந்து சேரவில்லையெனில் முன்பணம் இல்லை. முன்பணம் இன்றேல் தறி ஓடாது. அத்தகைய ஆண்டுகளில் கடன் கிடைத்தால்தான் கப்பல் நிறையும். கடன் கொடுப்போரோ கும்பினியின் முத்திரையைவிடத் தலைமைத் தரகரின் முகத்தையே நம்பினர். துபாஷி என்னும் சொல்லுக்கு இருமொழியாளர் என்பதே பொருள். அவர் மொழிபெயர்த்தது மொழியை மட்டுமன்று. ஓர் ஊரின் நம்பிக்கையை மற்றோர் ஊரின் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தார்.

கவர்னர் தூமா காலத்தில் இக்குறைக்கு ஒரு பெரிய பரிகாரம் கிடைத்தது. 1736இல் நவாப் தோஸ்து அலிகானின் துணையால் ரூபாய் அச்சடிக்கும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர் பெற்றனர். வெள்ளிக் கட்டியைச் சராபுகளிடம் அவர்கள் சொன்ன விலைக்கு விற்றுக்கொண்டிருந்த நிலை மாறி, புதுவையிலேயே நாணயம் பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் ஆனந்தரங்கர் தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். நாட்குறிப்பும் நாணயச் சாலையும் ஓராண்டில் தோன்றியது தற்செயலே. ஆயினும் பக்கங்களைப் புரட்டுவோர்க்கு இரண்டும் ஒரே மனத்தின் ஈடுபாடுகளாகவே தோன்றும். கப்பல் வந்த செய்தியோடு பீரங்கி முழக்கத்தின் எண்ணிக்கையையும் எழுதுவார். வராகனுக்கும் ரூபாய்க்கும் உள்ள மாற்று, பேரம், பரிசு, வதந்தி, சகுனம் யாவும் அருகருகே நிற்கும். பேச்சுத் தமிழும், பாரசீக, போர்த்துகீசிய, பிரெஞ்சுச் சொற்களும் தயக்கமின்றிக் கலந்த அந்நடை, இலக்கணப் புலவர்க்கு இனிக்காது. தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் அதனை ஒதுக்கிவிட்டும் செல்ல இயலாது.

தமக்கென ஆனந்தப் புரவி என்னும் கப்பலையும் அவர் வைத்திருந்தார். கடல் வாணிகத்தில் பங்கு கொள்வது அக்காலப் புதுவையின் முதலீட்டு முறை. கவர்னர் முதல் உள்ளூர் வணிகர் வரை பங்கு போட்டுச் சரக்கேற்றுவர். கப்பல் திரும்பினால் இலாபம், திரும்பாவிடில் எல்லாருக்கும் நட்டம். 1742இல் கவர்னராக வந்த துய்ப்ளேக்சும் சந்திரநாகூரில் இத்தகைய வாணிகத்தால் பொருள் ஈட்டியவரே. இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள அதிக நாள் ஆகவில்லை. வாணிகர் இருவர் சந்தித்தனர். பிறகு அவர்களுள் ஒருவர் அரசராக விரும்பினார்.

அதற்கு முன்னரே கணக்கு நொறுங்கத் தொடங்கியிருந்தது. 1743இல் செலவைக் குறைக்குமாறும் கோட்டை வேலையை நிறுத்துமாறும் பாரிசிலிருந்து ஆணை வந்தது. துய்ப்ளேக்ஸ் தம் சொந்தப் பணத்தை இட்டுக் கடலோர மதிலைக் கட்டினார். 1744இல் பிரான்சும் இங்கிலாந்தும் போரில் இறங்கின. அதன்பின் ஆங்கிலப் போர்க்கப்பல்கள் கீழைக் கடல்களில் பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்தன. பங்கு போட்டவர்களின் முதல் கடலோடு போயிற்று. 1746 செப்டம்பரில் லபூர்தொனே தீவிலிருந்து கப்பற்படையுடன் வந்து சென்னையைக் கைப்பற்றி, 11 லட்சம் வராகன் மீட்புத் தொகைக்கு ஊரைத் திருப்பிக் கொடுக்க இசைந்தார். துய்ப்ளேக்ஸ் அதனை ஏற்கவில்லை. தீவின் கவர்னருக்குத் தொகை பெரிதாகப் பட்டது. நகரின் கவர்னருக்கு ஊர் பெரிதாகப் பட்டது. இப்பூசலின் ஒவ்வொரு நாளும் ஆனந்தரங்கரின் ஏட்டில் பதிவாகியிருக்கிறது.

தலைமைத் தரகராயிருந்த கனகராய முதலி அதே 1746ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மறைந்தார். அவ்விடம் கிறித்தவர்க்கே உரியது என்னும் எண்ணம் நகரில் வலுவாக இருந்தது. கவர்னரின் மனைவியார் ழான் அம்மையார் பிள்ளையின் உயர்வை விரும்பவில்லை. ஆயினும் பணிகள் அவர் கைக்கு வந்துகொண்டிருந்தன; 1747இல் பதவியும் முறையாக வந்தது. அடுத்த ஆண்டு ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டபோது, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. செல்வாக்கின் உச்சியிலிருந்த துபாஷியால் அதைத் தடுக்க இயலவில்லை. அவருடைய அதிகாரத்தின் எல்லை அவ்விடத்தில் தெளிவாகத் தெரிகிறது. மறைக்காமல் அதையும் அவர் எழுதி வைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்து வந்தவை பெருமையின் ஆண்டுகள். முசபர் ஜங் மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப்தார் விருதளித்தார். பல்லக்கில் ஏறி மேளதாளத்துடன் கவர்னர் மாளிகைக்குள் செல்லும் உரிமையும் கிடைத்தது. புலவர்கள் வந்தனர், பாடினர், பரிசு பெற்றனர். ஆனால் பேரேட்டின் மறுபக்கத்தில் வேறொன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. 1749 முதல் வில்லியனூர், பாகூர் முதலிய பகுதிகள் கும்பினிக்குக் கிடைத்தன. துணி வாங்க வந்த நிறுவனம் வரி தண்டத் தொடங்கியது. படைச் சம்பளத்துக்கு நிலவரியை நம்பியது. போரால் பாழான ஊர்களில் குத்தகைப் பணம் தேறவில்லை. வெற்றிகளுக்கு ஈடாக ஏட்டில் கடன் ஏறிற்று. தஞ்சை மன்னர் சந்தா சாகிபுக்கு எழுதிக்கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பத்திரமும் அக்காலத்ததே. பல ஆண்டுகளுக்குப் பின் 1758இல், கையில் பணமில்லாத லாலி அப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு தஞ்சை மீது படையெடுத்து வெறுங்கையோடு திரும்பினார். போரில் பிறந்த வாக்குறுதியை எந்தச் சராபும் வாங்கியிருக்க மாட்டார்.

ஆனந்தரங்கர் இதை உணராதவர் அல்லர். ஆனால் உணர்ந்தவர்க்கு விலகும் உரிமை இருந்ததா என்பது வேறு. அவருடைய சொந்த வாணிகம், பதவி, மானம் மூன்றும் கும்பினியோடு முடிச்சிடப்பட்டிருந்தன. 1754இல் பாரிசிலிருந்து கொதே வந்திறங்கினார்; துய்ப்ளேக்ஸ் அவ்வாண்டிலேயே கப்பலேறினார். கும்பினியின் போருக்காகத் தாம் கொட்டிய பணத்தைக் கேட்டு வழக்காடியபடியே 1763இல் அவர் வறுமையில் இறந்தார். சென்னையை வென்ற லபூர்தொனே அதற்கு முன்னரே பாஸ்தீய் சிறைவாசம் கண்டு, 1753இல் மறைந்திருந்தார். 1756இல், கவர்னர் லெரி காலத்தில், ஆனந்தரங்கரும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். உடல் நலம் குன்றியிருந்தது. நைனியப்பருக்கு நேர்ந்த அவமானம் அவருக்கு நேரவில்லை. ஆனால் தலைவாசலில் காத்திருந்தோர் கூட்டம் வேறு வாசலுக்கு நகர்ந்ததை அவரும் காண நேர்ந்தது.

பதவி போன பின்னும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. பணத்துக்காக நகரத்தார் நெருக்கப்பட்டது, சென்னை முற்றுகை தோற்றது, 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை முறிந்தது, உணவின்றி நகரம் வாடியது, தமிழ்க் குடிகள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டது என அந்த இறுதி ஆண்டுகளின் துயரம் நீண்டது. 1761 ஜனவரியில், நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அந்நாட்களிலேயே, அவர் உயிரும் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. வெற்றி பெற்றோர் வெள்ளையர் நகரை இடித்துத் தள்ளினர். கும்பினியின் வாணிக உரிமையும் 1769இல் நிறுத்தப்பட்டது.

ஏடுகள் குடும்பத்தில் கிடந்தன. 1846இல் கலுவா மோம்ப்ரன் அவற்றைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு சென்னையில் வெளிவந்தது. தமிழில் எழுதப்பட்ட நூல் தமிழில் அச்சேறத் தொடங்கியது அதன் பின்னர், 1948இல். இந்த முன்பின்னை எண்ணித் தமிழன்பர்கள் சிறிது வெட்கப்படுவதில் தவறில்லை. பிரபஞ்சன் அவ்வேடுகளிலிருந்து மானுடம் வெல்லும், வானம் வசப்படும் என்னும் இரு புதினங்களை ஆக்கினார். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கடைத்தெருவை ஒட்டி அவர் கட்டிய மாளிகை, இன்றும் அவர் பெயர் தாங்கும் ரங்கப்பிள்ளை தெருவில் நிற்கிறது. கீழ்த்தளத்தில் தமிழர் முறையில் மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சு முறையில் வெண்சுதைத் தூண்கள். பிரெஞ்சுக்காரரின் கோட்டை இருந்த இடத்தில் அதன் சுவடு இல்லை.