வீதிகளை நடந்து படித்த பேராசிரியர்

உடலுக்குக் குருதிக் குழாய்கள் எவ்வாறோ, ஊருக்கு வீதிகள் அவ்வாறு. இவ்வுண்மையை ஊர் ஊராக நடந்து கண்டு உலகுக்கு உணர்த்தியவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பேராசிரியர் பாட்ரிக் கெடிஸ் ஆவார். எங்கள் தாவரவியல் துறையைச் சேர்ந்த ஒருவரே நகரமைப்புக் கலைக்கு முன்னோடியாக விளங்கினார் என்பதை அறிந்தபோது நான் பெற்ற வியப்பைத் தங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். லண்டன் மாநகரில் டி. எச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். எனினும் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் படித்துப் பெற்றாரில்லை. அத்தகையவர் 1888 முதல் 1919 வரை டண்டீ நகரக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக வீற்றிருந்தார்! பட்டம் ஒன்றையே குறியாகக் கொண்டு, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறிய எனக்கு இது பெரும் பாடமாயிற்று.

1879இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்றவிடத்து அவர் கண்பார்வை மங்கிற்று. இருட்டறையில் அடைந்து கிடந்தார். பார்வை மீண்டது, ஆயினும் நுண்ணோக்கியில் நெடுநேரம் கண் பதிக்க இயலாமற் போயிற்று. அக்கண்கள் பின்னர் நகரத்தின்மேல் திரும்பின. 1886இல் அன்னா மார்ட்டனை மணந்த அவர், எடின்பரோவின் பழைய பகுதியில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த குடியிருப்பிலேயே குடிபுகுந்தார். அண்டை வீட்டாருடன் சேர்ந்து முற்றங்களைத் துப்புரவாக்கினார், சுவருக்கு வெள்ளையடித்தார், சிறு தோட்டங்கள் அமைத்தார்.

சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் 1914இல் இந்தியா வந்தார். பல்லாண்டுகள் பாடுபட்டுத் திரட்டிய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் வேறொரு கப்பலில் வந்தன. சென்னையின்மீது குண்டு வீசிய அதே எம்டன் அக்கப்பலையும் மூழ்கடித்தது. கெடிஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு, 1915இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே காட்டினார்.

பின்னர் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் சந்துபொந்தெல்லாம் நடந்தே பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சையில் நெருக்கமான குடியிருப்பை ஊடறுத்து நேர்கோட்டுச் சாலைகள் போடத் திட்டம் இருந்தது. கெடிஸ் அதனை மறுத்தார். பாழடைந்த சில வீடுகளை அகற்றி, காலிமனைகளைச் சேர்த்து, உள்ள சந்துகளையே சற்று விரித்தால் போதும். காற்றும் வெளிச்சமும் வரும், குடிகளும் பெயரமாட்டார்கள் என்று காட்டினார். நாடி பார்த்தபின் மருந்து. நோயுற்ற இடத்தில் மட்டும் கத்தி. இதுவே அவர் முறை. தேவைக்கு மிஞ்சி அகன்ற சாலை பணத்தை விழுங்கும், புழுதியையும் வெயிலையும் தரும் என்பதும், நிழல் படிந்த சந்து நடப்போருக்கு உகந்தது என்பதும் அவர் கருத்து.

1917ஆம் ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டு. மூத்த மகன் போர்க்களத்தில் மாண்டான். நோய்ப்படுக்கையில் இருந்த மனைவியிடம் அச்செய்தியைச் சொல்லாமல் மறைத்தார். சில வாரங்களில் மனைவியும் மறைந்தார். அத்துயரைச் சுமந்துகொண்டே, பிளேக் நோய் வருத்திய இந்தூருக்குச் சென்று பணியாற்றினார். அங்கே தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியில் செல்லாது, எவ்வீதி தூய்மையாக உள்ளதோ அவ்வீதி வழியே செல்லும் என்று அறிவிக்கச் செய்தார். மக்கள் போட்டியிட்டு வீதிகளைத் துலக்கினர். ஊர்வலத்தில் பெருச்சாளி உருவமும் வந்தது. துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளுடை அணிந்து பெருமையுடன் நடந்து வந்தனர்.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். 1920இல் ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1925இல் டெல் அவீவ் நகருக்குத் திட்டம் வகுத்தபோது, வண்டிகளுக்குப் பெருஞ்சாலைகளையும், வீடுகளுக்கிடையே அமைதியான சிறு தெருக்களையும் தனித்தனியே வகுத்தார். 1932 ஏப்ரல் 17ஆம் நாள் பிரான்சு நாட்டின் மான்ட்பெல்லியே நகரில் மறைந்தார்.

அவர் எழுதிச் சென்று நூறாண்டுகள் கடந்துவிட்டன. எங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்தியபோது புளியமரங்கள் வீழ்ந்தன. நடப்போருக்கு ஒரு சாண் இடமும் ஒதுக்கப்படவில்லை. காய்கறி மூட்டையை மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு விடியுமுன் புறப்படும் என் தந்தையார், லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே சந்தைக்குச் செல்கிறார். அவர் திரும்பும்வரை என் தாயார் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் முதலிடம் தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றது. ஏட்டில் ஏறிய கொள்கை, சிற்றூர்ச் சாலை ஓரம் வரை வந்து சேர வேண்டாமா?

நம்முள் சிலர் நாளை அதிகாரிகளாகலாம். சாலைக்குக் கோடு கிழிக்கும் பொறுப்பும் வரலாம். கோடு கிழிக்குமுன் அவ்வீதியில் ஒருமுறையேனும் உச்சிவெயிலில் நடந்து பார்ப்போம். கெடிஸ் பெருமகனாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.