ஜெரோலாமோ கார்டானோ

ஜெரோலாமோ கார்டானோ (செப்டம்பர் 24, 1501 - செப்டம்பர் 21, 1576) இத்தாலிய மருத்துவரும் கணிதவியலாளரும் ஆவார். முப்படி, நாற்படிச் சமன்பாடுகளின் தீர்வுகளைக் கூறும் ஆர்ஸ் மாக்னா (1545) என்னும் நூலால் பெரிதும் அறியப்படுகிறார். நிகழ்தகவைப் பின்னமாகக் கணித்தவர்களுள் முன்னோடியும் இவரே.

வாழ்க்கை

பாவியா நகரில் பிறந்தார். தந்தை ஃபாசியோ கார்டானோ மிலான் நகர வழக்கறிஞர். லியொனார்டோ டா வின்சியின் நண்பர். பெற்றோர் மணமாகாதிருந்த காலத்தில் பிறந்தவர் என்பதைக் காரணம் காட்டி மிலான் மருத்துவர் கழகம் கார்டானோவை ஏற்க மறுத்தது. 1539-இல்தான் உறுப்பினரானார். தந்தை விட்டுச்சென்ற பொருள் கரைந்தபின் சூதாட்டம் அவருக்குப் பிழைப்பாயிற்று. பின்னர் விடமுடியாத பழக்கமும் ஆயிற்று.

பகடையும் பின்னமும்

சூதாட்டம் பற்றி இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். நிகழக்கூடிய எல்லா விளைவுகளின் தொகையையும் அதில் சுற்று என அழைத்தார். இரு பகடைகளுக்குச் சுற்று 36 ஆகும். கூட்டுத்தொகை 10 கிடைக்க 5-5 ஒரு வழி. 4-6, 6-4 என மேலும் இரு வழிகள். ஆக 3/36, அதாவது சுற்றில் 1/12. 4-6, 6-4 இரண்டையும் வெவ்வேறாக எண்ணியதே இங்கு முக்கியமானது. ஒன்றாகக் கொண்டால் விடை பிழையாகும்.

அடுத்தடுத்து வெல்லும் வாய்ப்பைக் காண்பதில் கார்டானோ முதலில் தவறினார். சாதகமான வழிகளுக்கும் பாதகமான வழிகளுக்கும் உள்ள விகிதத்தையே பெருக்கினார். இரண்டும் சமமாயின் விகிதம் 1:1. அதை எத்தனை முறை பெருக்கினாலும் 1:1 ஆகவே நிற்கும். அப்படியானால் மூன்று முறை தொடர்ந்து வெல்வது ஒருமுறை வெல்வதைப் போலவே எளிது என்றாகிவிடும். இது பொருந்தாது எனக் கண்டு முறையைத் திருத்தினார். பெருக்க வேண்டியது மொத்தத்தைப் பகுதியாகக் கொண்ட பின்னமே: 1/2 × 1/2 × 1/2 = 1/8. எனவே சாதகத்துக்கும் பாதகத்துக்கும் உள்ள விகிதம் 1:7. திருத்தியபின்னும் பழைய கணக்கை நூலிலிருந்து நீக்கவில்லை. அவருடைய சிந்தனை சென்ற வழியை இன்றும் அதில் காணலாம்.

இறுதிக்காலம்

மனைவிக்கு நஞ்சூட்டிய குற்றத்துக்காக மூத்த மகன் ஜம்பாட்டிஸ்டா 1560-இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். பொலோனாவில் மருத்துவப் பேராசிரியராக இருந்த கார்டானோவை 1570-இல் சமய விசாரணை மன்றம் சிறைப்படுத்தியது. விடுதலைக்குப்பின் ரோமில் வாழ்ந்து அங்கேயே இறந்தார்.

சூதாட்ட நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-இல் எழுதிக்கொண்ட கடிதங்களால் நிகழ்தகவுக் கோட்பாடு உருப்பெற்ற பின்னரே, 1663-இல் லியோன் நகரில் அவருடைய தொகுப்பு நூல்களுடன் வெளியாயிற்று.