தையற்காரர் கிந்துப்

இமயமலைக்கு வடக்கே, திபேத்து நாட்டில் கிழக்கு நோக்கி ஓடும் பெருநதி சாங்போ. அது பல நூறு மைல் தூரம் பீடபூமியின்மீது சென்று, நம்சா பர்வா, கியாலா பெரி என்னும் இரு பனிச்சிகரங்களுக்கு இடையே ஒரு பெரும் பிளவினுள் புகுந்து மறைகின்றது. மறைந்த நதி எங்கே வெளிப்படுகின்றது? 19-ஆம் நூற்றாண்டின் பூகோள அறிஞர்களுக்குள் இது தீராத வழக்காக இருந்தது. அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவாக இறங்குவது அதுவே என்றனர் சிலர். பர்மாவின் ஐராவதியே அது என வாதித்தனர் வேறு சிலர். நடுவிலிருந்த மலைநாட்டைக் கண்டு வந்து சொல்வோர் இல்லாமையால், தேசப்படத்தில் அவ்விடம் வெறுமையாகவே விடப்பட்டிருந்தது.

அக்காலத்தில் திபேத்தியர் வெள்ளையரைத் தம் நாட்டினுள் விடுவதில்லை. ஆகவே ஆங்கில அரசின் சர்வே இலாகா மலைநாட்டு மக்களையே யாத்திரிகராகவும் வணிகராகவும் வேடமிட்டு அனுப்பிற்று. அவ்வாறு சென்றோருள் நயின் சிங், சரத் சந்திர தாஸ் முதலியோர் பள்ளிக்கூட ஆசிரியராய் இருந்தவர்கள். கல்வியும் கருவியும் கைவரப் பெற்றவர்கள். கிந்துப்பிற்கோ எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. அவர் சிக்கிம் நாட்டினர். டார்ஜிலிங்கில் தையல் தொழில் செய்து பிழைத்தவர். முன்னொரு முறை நேம் சிங் என்பவருக்குத் துணையாகச் சாங்போவின் பிளவுவாயில் வரை சென்று மீண்டிருந்தார்.

1880-ஆம் ஆண்டில் காப்டன் ஹார்மன் என்பார் ஒரு லாமாவைத் தலைவராகவும் கிந்துப்பை அவருக்கு ஏவலாளராகவும் நியமித்து அனுப்பினார். நதியைத் தொடர்ந்து அஸ்ஸாம் வரை வருதல் வேண்டும். இயலாதாயின் ஓரடி நீளமுள்ள கட்டைகள் ஐந்நூற்றிற்கு அடையாளமிட்டு, குறித்த நாட்களில் நாளொன்றுக்கு 50 வீதம் நதியில் விடுதல் வேண்டும். அஸ்ஸாமில் நதிக்கரையில் ஆட்கள் காத்திருப்பர். கட்டைகள் அங்கே மிதந்து வந்தால் வழக்குத் தீர்ந்தது. இதுவே ஏற்பாடு.

லாமாவின் ஒழுக்கம் வழியிலேயே வெளியாயிற்று. தங்கிய ஓரிடத்தில் வீட்டுக்காரன் மனைவிமேல் மோகங்கொண்டு நான்கு மாத காலம் அங்கேயே கிடந்தார். விஷயம் வெளிப்பட்டபோது 25 ரூபாய் கொடுத்து அவரை மீட்டவர் ஏவலாளரே. பின்னர் இருவரும் பிளவினுள் இறங்கி, பெமகோசுங் என்னும் சிறு மடம் வரை சென்றனர். அதற்கப்பால் பாறையும் காடும் வழியை அடைத்து நின்றமையால் திரும்பினர். 1881-இல் டோங்யுக் என்னுமிடத்தை அடைந்ததும், லாமா கிந்துப்பை அவ்விடத்துக் கோட்டைத் தலைவனுக்கு அடிமையாக விற்றுவிட்டு, அரசின் பொருள்களோடு மறைந்துபோனார். தாம் விற்கப்பட்டது கிந்துப்பிற்குப் பின்னரே தெரிந்தது.

ஏறக்குறைய பத்து மாதம் அடிமைத் தொழில் செய்து, 1882 மார்ச்சில் அவர் தப்பி ஓடினார். அன்பர்களே, இவ்விடத்தில் சற்றே நின்று சிந்தியுங்கள். தலைவன் ஓடிவிட்டான், கைப்பொருள் போயிற்று. நேரே வீடு திரும்பியிருந்தால் அவரைக் குறை கூறுவார் யார்? கிந்துப் வீட்டிற்குத் திரும்பவில்லை. ஒப்புக்கொண்ட வேலை முடியவில்லை என்று நதியின் போக்கிலேயே கீழ்நோக்கி நடந்தார்.

மார்புங் மடத்தருகே வந்தபோது, கோட்டைத் தலைவனின் ஆட்கள் துரத்தி வந்து நெருங்கினர். அவர் மடத்துத் தலைமை லாமாவின் பாதங்களில் விழுந்து அடைக்கலம் புகுந்தார். அப்பெரியவர் 50 ரூபாய் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டார். விற்றவரும் லாமா, வாங்கிக் காத்தவரும் லாமா. துவராடையைக் கண்ட மாத்திரத்தில் வணங்குவோரும், அதனைக் கண்ட மாத்திரத்தில் இகழ்வோரும் இவ்விருவரையும் ஒருங்கே நினைத்துப் பார்ப்பாராக. ஆயினும் விலை கொடுத்தவருக்கு உழைத்தே தீரவேண்டும் என்பது அந்நாட்டு வழக்கு; கிந்துப் மடத்தில் ஊழியம் செய்தார்.

நாலரை மாதம் கழிந்தபின் தல யாத்திரைக்கு விடை பெற்றார். சென்றது காட்டிற்கு. ஐந்நூறு கட்டைகளைத் தனியொருவராய் வெட்டிச் செப்பமிட்டு, மனித நடமாட்டமற்ற ஒரு குகையில் மறைத்துவிட்டு மடத்திற்கே திரும்பினார். கட்டைகளை உடனே நதியில் விடுவதால் பயனில்லை; எந்நாளில் விடப்படும் என்பது ஹார்மனுக்கு முன்னரே தெரிய வேண்டுமன்றோ? இரண்டு மாதம் சென்றபின் மீண்டும் விடை பெற்று லாசா நகருக்கு நடந்தார். அங்கே சிக்கிம் நாட்டு அதிகாரி ஒருவரைக் கண்டு, டார்ஜிலிங்கிலிருந்த நேம் சிங்கிற்குக் கடிதம் எழுதச் செய்தார். நீர்-ஆட்டு ஆண்டு எனத் திபேத்தியர் வழங்கும் 1883-ஆம் ஆண்டின் பத்தாம் மாதத்தில், பிபுங் என்னுமிடத்திலிருந்து நாளொன்றுக்கு 50 கட்டைகள் விடப்படும் என்பதே கடிதத்தின் சாரம். லாசாவிலிருந்து டார்ஜிலிங்கிற்கு வழி உண்டு. அவரோ மார்புங்கிற்கே திரும்பி, மேலும் ஒன்பது மாதம் உழைத்தார். அவருடைய பக்தியை மெச்சிய தலைமை லாமா அவருக்கு விடுதலை அளித்தார்.

குறித்த நாட்கள் வந்தன. பத்து நாட்களில் ஐந்நூறு கட்டைகளும் நதியில் மிதந்து சென்றன. அவற்றை எதிர்பார்த்து அஸ்ஸாமில் ஒருவரும் நிற்கவில்லை. கடிதம் உரிய காலத்தில் உரியவரிடம் சேரவில்லை. நோயுற்று இந்தியாவை விட்டுப் போயிருந்த ஹார்மனும் அதற்கு முன்னரே இறந்துவிட்டார். இவை எவற்றையும் அறியாத கிந்துப், தாமும் நதியோடு கீழே நடந்து, அஸ்ஸாம் சமவெளிக்குச் சுமார் 35 மைல் தூரம் வரை வந்துவிட்டார். அங்கே மலைக்குடிகள் அப்பால் விடவில்லை. வந்த வழியே திரும்பி, 1884 நவம்பரில் டார்ஜிலிங்கை அடைந்தார். சென்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவரிடம் ஏட்டுக்குறிப்பு ஒன்றுமில்லை, நினைவே ஏடு. அவர் வாய்மொழியாகக் கூறியதை ஒருவர் எழுத, மற்றொருவர் மொழிபெயர்க்க, அது 1889-இல் அச்சாயிற்று. அதில் ஒரு பிழை புகுந்தது. கியாலாவில் ஒரு சிற்றோடை 150 அடி உயரத்திலிருந்து விழுவதையும், பெமகோசுங் அருகே சாங்போ நதி 30 அடி அளவில் விழுவதையும் ஒன்றாகக் கலந்து, நதியே 150 அடி விழுவதாக எழுதிவிட்டனர். ஆலையில் உழைத்தோர்க்கு இது புதிதன்று. கணக்கு எழுதுவோன் கை தவறினால், பழி எழுத்தறியாதவன் தலைமேல் விழும். கிந்துப் சொன்ன முழுவதையுமே கட்டுக்கதை எனத் தள்ளியவர் பலர். அவர் மறுபடியும் ஊசியும் நூலும் எடுத்துத் தம் தொழிலுக்குப் போனார்.

மூன்று பத்தாண்டுகள் கழிந்தன. 1913-இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்னும் இரு ஆங்கில அதிகாரிகள் அதே வழியில் நடந்து, ஊர் ஊராக, மடம் மடமாக அவர் சொற்களை ஒப்பிட்டுப் பார்த்தனர். சாங்போவே அஸ்ஸாமில் இறங்கும் நதி என்பது உறுதியாயிற்று. கிந்துப்பின் நினைவு எத்துணைச் செம்மையானது என்பதும் விளங்கிற்று. பெய்லி அவரைத் தேடிக் கண்டுபிடித்துச் சிம்லாவிற்கு வரவழைத்து, அருவியைப் பற்றி நேரில் வினவினார். நதி 150 அடி விழுவதாகத் தாம் ஒருபோதும் சொல்லவில்லை என்று கிந்துப் தெளிவுபடுத்தினார்.

அவருக்கு ஆயுட்காலம் வரை உதவிச் சம்பளம் அளிக்குமாறு பெய்லி அரசை வேண்டினார். கிழவர் தொண்ணூறு வயது வரை வாழ்ந்துவிட்டால் செலவு மிகுந்துவிடும் என அஞ்சிய அரசினர், அதற்கு இசையாது 1,000 ரூபாய் ஒரே தொகையாகக் கொடுத்தனர். அதைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பிய கிந்துப், சில மாதங்களில் காலமானார்.